பதினேழாம் பக்கத்தில் தேனீக்கள்

வினோஜன் நாலே முக்காலுக்கு எழுந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். கேத்தலை ஏற்றினான். லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் போய், பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது கேத்தல் கொதித்திருந்தது. கோப்பையில் தேயிலைச் சாயம் ஊற்றி, நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினான். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். மொத்தம் நாற்பது நிமிடம். பத்து மாதமாக அதே நாற்பது நிமிடம்.

நாலு கரண்டி அதிகம் என்று சண்டை பிடிக்க ஆள் இருந்த காலத்தில் நாலாவது கரண்டியை ஒளித்துப் போடுவான். இப்போது ஒளிக்க வேண்டியதில்லை.

தோளில் தொங்கிய பைக்குள் அறுபத்திரண்டு பக்க அறிக்கை இருந்தது. 'நரிக்கல் இயற்கை ஒதுக்கம்: மக்களோடு சேர்ந்து ஒரு திட்டம்.' நரிக்கல் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று கட்டைத் தூரம் மேலே இருக்கிறது. அதன் உச்சிக் காட்டையும், கவ்வாத்து வெட்டாமல் விட்டதில் மரமாகிப்போன பத்து ஏக்கர் தேயிலையையும் சேர்த்துச் சரணாலயமாக்குவதென்று கொழும்பிலுள்ள பசுங்கிளை அமைப்பு முடிவெடுத்தது. முடிவெடுத்த பிறகு, மக்களின் கருத்தைக் கேட்பதென்றும் முடிவெடுத்தது. அதற்கு மூன்று மொழியும் தெரிந்த, தோட்டத்திலேயே பிறந்த பட்டதாரி ஒருவன் தேவைப்பட்டான்.

வினோஜன் பட்டம் வாங்கிவிட்டு நாலு வருஷம் அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தவன். அந்த நாலு வருஷமும் அவன் மனைவி தனுஜா கொழுந்தெடுத்துத்தான் வீட்டில் உலை கொதித்தது. 'சமூக இணைப்பாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் முதன்முதலாக வந்து நின்றபோது, தனுஜா கையைத் துடைத்துவிட்டு அந்த அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதையும் பார்த்தாள்.

"மக்களின் குரல் இல்லாமல் ஒரு மரமும் நடப்படாது" என்றது அறிக்கையின் முதல் பக்கம். நல்ல வாக்கியம். வினோஜன் எழுதியது.

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இன்னும் பனி கலையவில்லை. பெண்கள் இடுப்பில் முரட்டுப் படங்குத் துணி கட்டி, கூடையோடு நின்றார்கள். மாயாண்டி கங்காணி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. காலையில மல வேல கெடையாது. இப்ப நேரா புள்ள மடுவத்துக்குப் போகணும். சரணாலயக் கூட்டம். கொழும்புலேருந்து ஆளுக வர்றாங்க. வெள்ளக்காரத் தொரையும் ஒருத்தர் வர்றாரு. வர்றவங்களுக்கு அரைப் பேரு உண்டு."

அரைப் பேர் என்றால், அரை நாள் வேலைக்கு வந்ததாகப் பதிவு விழும்.

"திங்க என்ன தர்றாங்க கங்காணி?" என்றாள் காளியாயி. ஐம்பது வயது. அதில் முப்பத்திரண்டு வருஷம் மலையில். நரிக்கலில் மற்றவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வதை வாயால் சொல்லும் பொறுப்பு அவளுடையது.

"மாலுபாணாம். மீனு வச்ச பாணு."

"போன வாட்டி ரோல்ஸு, இந்த வாட்டி பாணா? காடு வளர வளரப் பலகாரம் தேயுதே."

சிரிப்பு அடங்கியதும் அவளே கேட்டாள். "அப்பறம் மத்தியானம் எந்த மல?"

கங்காணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளில் இருந்தது அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் பார்த்தார்.

"ஒம்பதாம் நம்பரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அந்த டர்பன்டைன் மரத்துல மறுபடியும் மூணு கூடு கட்டியிருக்கே."

"கண்டாக்கையாகிட்டச் சொல்லியாச்சு."

"அவரு?"

"தொரைக்குச் சொல்லிட்டாராம்."

"தொரை?"

"கூட்டம் முடிஞ்சாத்தான் முடிவு சொல்ல முடியுமாம்."

"ஏன் கங்காணி, கொளவியும் கூட்டத்துக்கு வருதா?"

கங்காணி ஓரத்தில் நின்ற வினோஜனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவன் பையின் வாரைச் சரிசெய்தான்.

விஷயம் இதுதான். கூடு எடுக்க ஆள் வேண்டும், பந்தம் வேண்டும், ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டும். தோட்டத்துக்கு அது பிடிக்காது. இப்போது சரணாலயத் திட்டத்தில், காட்டோரத்திலிருந்து ஐம்பது மீற்றருக்குள் எந்தக் கூட்டையும் தொடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. ஒன்பதாம் நம்பர் முழுவதும் அந்த ஐம்பது மீற்றருக்குள்தான் வருகிறது. கொழுந்தெடுப்பதற்கு அந்த வரியில் தடையில்லை. இன்றைய கூட்டத்தில் மக்கள் அந்த வரிக்குத் தலையாட்டிவிட்டால், அதன் பிறகு கூட்டைத் தொடுவது குற்றம். நூற்றைம்பது வருஷமாகக் காட்டை வெட்டி வந்த தோட்டம், ஒரே மாதத்தில் இயற்கையின் மீது அப்படியொரு பாசம் வைத்தது.

நரிக்கலில் ஒரு சொல் மேலே போவதற்கென்று ஒரு வழி உண்டு. தொழிலாளி கங்காணியிடம் சொல்வார். கங்காணி கணக்குப்பிள்ளையிடம் சொல்வார். கணக்குப்பிள்ளை மலை மேற்பார்வையாளரான கண்டாக்கிடம், கண்டாக்கு தோட்ட நிர்வாகியான துரையிடம். ஒவ்வொரு படியிலும் ஒரு சல்லடை. கீழே, "கூரை ஒழுகுது, பச்சப்புள்ள நனையுது" என்று கிளம்பும் பேச்சு, பங்களா வாசலுக்கு வரும்போது, "இந்த மாசம் மழை பரவாயில்லை சேர்" என்று ஆகியிருக்கும். வினோஜனின் அப்பா இருபது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஒரு நாளும் பொய் பேசியதில்லை. சலிப்பார், அவ்வளவுதான். மகனைப் படிக்கவைத்தார். மகனுக்கு மூன்று மொழியில் சலிக்க வந்தது.

கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் தொட்டில் துணிகளை அவிழ்த்து ஒரு மூலையில் குவித்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கண்டாக்கு கஜேந்திரன் முழங்கால்வரை காலுறை போட்டுக்கொண்டு பேனரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பேனரில் தனுஜா இருந்தாள். முதற்கூட்டத்தில் எழுந்து நின்று, கையை நீட்டி எதையோ காட்டிப் பேசும் படம். கீழே பச்சை எழுத்தில், "எங்கள் காடு, எங்கள் தேனீக்கள்." அதற்கும் கீழே சின்னதாக, "அன்னாரின் நினைவாக." இந்தப் படத்தைப் போடலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது வினோஜன் சரியென்றான். அந்த மாதம் யார் எது கேட்டாலும் சரியென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பேனரைக் கட்டிய கோணத்தில், அவளுடைய விரல் மாலுபாண் வைத்திருந்த மேசையைக் காட்டியது.

பசுங்கிளை அமைப்பின் பணிப்பாளர் ஹேஷானி மேடம் சேற்றுக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்தோடு வந்தார். கூடவே நிதி கொடுக்கும் நாட்டிலிருந்து வந்தவர். கதவு நிலையில் குனிந்து நுழைந்தார். உள்ளே வந்து நிமிர்ந்தபோது கூரைத் தகரம் இடித்தது. அந்த நிமிடத்திலிருந்து அவர் நெட்டைத் துரை. அவருக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' மட்டும். அதை மூன்று முறை சொன்னார். அவருக்காகக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். வினோஜன் தமிழில் சொல்வான். மக்கள் தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வான்.

முதலில் கூச்சம் போக ஒரு விளையாட்டு. ஒவ்வொருவரும் தன் பெயரையும், தனக்குப் பிடித்த காட்டுயிரின் பெயரையும் சொல்ல வேண்டும்.

"கஜேந்திரன். சிறுத்தை," என்றார் கண்டாக்கு நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப எங்க லயத்து நாயப் புடிச்சிட்டுப் போனது நீங்கதானா ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மாயாண்டி. காட்டுக்கோழி. கொழம்பு வச்சா."

"காளியாயி. அட்டை."

வினோஜன் 'அட்டை' என்பதை ஆங்கிலத்தில் சொன்னதும் நெட்டைத் துரை ஆச்சரியத்தோடு, ஏன் என்று கேட்டார்.

"அது ஒன்னுதான் எங்களத் தேடி வருது. குடிச்சதும் தானா வுழுந்திரும். மத்ததெல்லாம் வுழுறதில்ல," என்றாள் காளியாயி. சொல்லும்போது கண்டாக்கையாவை அவள் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

"மனிதருக்கும் சிற்றுயிருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிச் சொல்கிறார்," என்றான் வினோஜன் ஆங்கிலத்தில். நெட்டைத் துரை குறித்துக்கொண்டார்.

அடுத்து ஆலோசனை மரம். அட்டையில் வெட்டிய ஆளுயர மரம் ஒன்றைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஆளுக்கொரு பச்சைக் காகித இலை. அதில் பெயரெழுதி மரத்தில் ஒட்ட வேண்டும். ஓர் இலை, ஒரு சம்மதம். ஐம்பது இலைக்குக் குறைந்தால் அடுத்த கட்டத்துக்கு நிதி வராது என்று ஹேஷானி மேடம் காலையிலேயே வினோஜனிடம் சொல்லியிருந்தார்.

"முப்பத்திரெண்டு வருஷமா எலையப் பறிக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கு ஒட்டச் சொல்றாங்க," என்றாள் காளியாயி. ஆனாலும் ஒட்டினாள். அரைப் பேர் இருக்கிறது, மாலுபாண் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்ததற்கு அடையாளமாகத்தான் பெயர் கேட்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள். இலை ஒட்டுவதும் அதுபோலத்தான் என்று போய் வரிசையில் நின்றார்கள். ஐம்பத்தெட்டு இலை விழுந்தது. ஹேஷானி மேடம் மரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் அறிக்கை வாசிப்பு. இதற்குப் பெயர் சரிபார்ப்பு. தாங்கள் முன்பு சொன்னது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மக்கள் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். சம்மதத்தை முதலில் வாங்கிவிட்டுச் சரிபார்ப்பைப் பிறகு வைத்ததற்குக் காரணம், மாலுபாண் சூடாக இருக்கும்போதே ஆட்கள் நிறைய இருப்பார்கள் என்பது.

வினோஜன் எழுந்து வாசித்தான். மழை அளவு, பறவை வகை, வண்டி நிறுத்துமிடம், மலசலகூடம் உல்லாசப் பயணிகளுக்கு மட்டும். யாரோ கொட்டாவி விட்டார்கள். பதினாறாம் பக்கம் முடிந்தது. பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வரலாம். யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. அவன் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்தான்.

"பதினேழை முழுவதுமாக வாசியுங்கள்," என்றார் ஹேஷானி மேடம் மென்மையாக. "நம்முடைய மிகச் சிறந்த பக்கம். உங்கள் மனைவியின் பக்கம்."

அவன் வாசித்தான்.

"பங்குபற்றிய பெண் தொழிலாளி ஒருவர், காட்டோரத்தில் நிறைந்திருக்கும் பூச்சி வளத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார். தேனீ முதலான இச்சிற்றுயிர்களோடு இச்சமூகம் நெருங்கி வாழ்ந்து வருகிறது. ஆகவே, காட்டோரத்திலிருந்து ஐம்பது மீற்றருக்குள் கூடு கலைத்தல், புகை போடுதல், கிளை வெட்டுதல் ஆகியவை தடைசெய்யப்பட வேண்டும் என்பது மக்களின் விருப்பமாகும்."

முதல் இரண்டு வாக்கியம் அவனுடையது. ஒரு வருஷத்துக்கு முந்திய முதற்கூட்டத்தின் குறிப்பில் அவன் ஆங்கிலத்தில் எழுதியது. மூன்றாவது கொழும்பில் முளைத்தது. விதை அவனுடையது. போன வாரம் இதைத் தமிழாக்கியபோது ஒரு சொல்லில்கூட அவன் தடுமாறவில்லை. முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தான்.



"யாரு தம்பி இதச் சொன்னது?" என்று கேட்டாள் காளியாயி.

"தனுஜா."

"தனுஜாவா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு அவ பக்கத்துல ஒக்காந்திருந்தது நான். என் காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அவ எங்க தேனீயப் பத்திப் பேசினா? போன மாசம் கொளவி கொட்டி ரெண்டு பேர லொறியில ஏத்துனோம்னு சொன்னா. நல்லா ஞாபகம் இருக்கு. அதுல ஒருத்தி நான். மூஞ்சி பானையாட்டம் வீங்கி, என் மகனே என்னை யாருன்னு கேட்டான். அதையா நீ பூச்சி வளம்னு எழுதியிருக்க?"

ஹேஷானி மேடம் அவன் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"என் மனைவியை நினைவுகூர்கிறார்," என்றான் வினோஜன் ஆங்கிலத்தில்.

அதுவும் பொய்யில்லை. சல்லடை தானாகவே ஆடியது. நெட்டைத் துரை நெஞ்சில் கை வைத்துக் காளியாயியைப் பார்த்துத் தலை குனிந்தார்.

காளியாயி அவரைப் பார்த்தாள். பிறகு வினோஜனைப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொன்ன நீ அவர்கிட்ட?"

அவன் பதினேழாம் பக்கத்தைப் பார்த்தான்.

"நான் பேசினது இம்புட்டு நீளம். நீ சொன்னது நாலே நாலு சொல்லு. மிச்சத்த எங்க தம்பி வச்ச?"

மிச்சம் எங்கே என்று அவனுக்குத் தெரியும். முதற்கூட்டம் முடிந்து லயத்துக்கு இறங்கும் வழியில் தனுஜாவும் அதைத்தான் கேட்டாள். சரியாச் சொன்னீங்களா என்றாள். சொன்னேன் என்றான். அதற்கு நாற்பத்தோராவது நாள் ஒன்பதாம் நம்பரில் குளவி கலைந்தது. மற்றவர்கள் படங்கை உருவித் தலையில் போட்டுக்கொண்டு தேயிலை நிரைக்குள் படுத்தார்கள். தனுஜாவின் படங்கு கூடைக் கயிற்றில் சிக்கிக்கொண்டது. லொறி வர நேரமானது. ஆஸ்பத்திரியில் எழுதிய நேரம் பதினொன்று இருபது. அந்த நேரத்தில் வினோஜன் ஹட்டனில் ஒரு அச்சுக் கடையில் உட்கார்ந்து, தேனீ படம் போட்ட துண்டுப்பிரசுரத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தான். பிழை ஒன்றும் இல்லை.

பிறகு தோட்டம் ஒரு விசாரணை வைத்தது. குளவிக்கூடு பற்றி எவரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்று எழுதினார்கள். ஆதாரமாக, முதற்கூட்டக் குறிப்பிலும் அப்படியொரு முறைப்பாடு இல்லை என்று சேர்த்தார்கள். அந்தக் குறிப்பின் அடியில் அவனுடைய கையெழுத்து இருந்தது. கணவன் என்ற முறையில் அந்த விசாரணைத் தாளிலும் கையெழுத்துப் போட்டான்.

"அக்கா," என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "தனுஜா இதச் சொல்லல. நான் எழுதுனது."

"ஏன் அப்பிடி எழுதின?"

"வேலைக்குச் சேந்து மூணாவது நாள். காட்டக் காப்பாத்த வந்தவங்ககிட்ட கூட்டக் கொளுத்தணும்னு எப்பிடிச் சொல்றதுன்னு... கண்டாக்கையாவும் நின்னாரு. பயம்."

கஜேந்திரன் தன் காலுறையைச் சரிசெய்தார். மாயாண்டி கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பயம் எல்லாருக்கும் இருந்திச்சு தம்பி. அவளுக்குத்தான் இல்ல."

வினோஜன் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான். இந்தப் பக்கம் பிழை. பேசியது என் மனைவி. மொழிபெயர்த்தது நான். அவள் பேசியது குளவியைப் பற்றி. அந்தக் குளவி கொட்டித்தான் அவள் இறந்தாள். பேனரில் அவள் கை நீட்டிக் காட்டுவது அந்தக் கூட்டைத்தான். இன்றைக்கு மத்தியானம் இவர்களை அந்த மரத்தடிக்குத்தான் அனுப்பப் போகிறார்கள்.

எல்லாத் தலையும் பேனரின் பக்கம் திரும்பியது. பிறகு அந்த விரலின் வழியே மேசைக்குப் போனது. மாலுபாணை மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

ஹேஷானி மேடம் கெட்டவர் இல்லை. கண் கலங்கியது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு பேசினார். உங்கள் துயரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கருத்துக் கேட்கும் கட்டம் மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது நடப்பது சரிபார்க்கும் கட்டம். சரிபார்க்கும் கட்டத்தில் பிழை கண்டுபிடிக்க நடைமுறையில் இடமில்லை. தவிர, குளவியும் மகரந்தம் பரப்புகிறது, ஆகவே அறிவியல்படி அந்தப் பக்கத்தில் பெரிய தவறில்லை. வேண்டுமானால் பின்னிணைப்பில் ஓர் அடிக்குறிப்புப் போடலாம். மக்கள்தான் ஏற்கெனவே சம்மதம் தந்துவிட்டார்களே. அவர் ஆலோசனை மரத்தைக் காட்டினார்.

வினோஜன் அவ்வளவையும் தமிழில் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. அடிக்குறிப்பையும் மகரந்தத்தையும்கூடச் சொன்னான். சொல்லச் சொல்ல, சலிக்காமல் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

"சம்மதமா? அந்த எலையா?" என்றாள் காளியாயி. "நாங்க வந்ததுக்குல்ல பேரு எழுதினோம்!"

அவள் எழுந்தாள். மரத்தின் முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடின. முப்பத்திரண்டு வருஷத்துக் கை அது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. பத்துப் பத்தாகப் பிடித்துத் தோளுக்குப் பின்னால் வீசினாள். பின்னால் கூடை இல்லையென்று பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் பக்கத்து நிரைக்காரி ஒருத்தி படங்கை விரித்துப் பிடித்துவிட்டாள். அரை நிமிடத்தில் அட்டை மரம் கவ்வாத்து வெட்டிய தேயிலைபோல நின்றது.

"கொழுந்து போட்டாச்சு," என்றாள் காளியாயி. "நிறுத்துப் பாக்கணுமா?"

மடுவம் அதிரச் சிரித்தார்கள். ஹேஷானி மேடம் சிரிக்கவில்லை. அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஐம்பது இல்லை. ஐந்தும் இல்லை.

"அவ சொன்னத சரியா எழுதுங்க. எழுதி வாசிங்க. அப்பறம் இந்த எலைய ஒட்டலாமா வேணாமான்னு நாங்க பாத்துக்கிறோம்," என்று சொல்லிவிட்டுக் காளியாயி படங்கிலிருந்து ஓர் இலையை எடுத்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி வினோஜனிடம் நீட்டினாள். "எழுது தம்பி. உனக்குத்தான் எழுத வருமே."

ஹேஷானி மேடம் மணிக்கூட்டைப் பார்த்தார். நெட்டைத் துரை பார்க்கவில்லை. அவருடைய குறிப்பேட்டில் அட்டைக்கும் மனிதனுக்கும் உள்ள பிணைப்பு எழுதியிருந்தது. அதை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு, அந்தப் பெண் சொன்ன அதே சொற்கள் வேண்டும் என்றார். சுருக்கம் வேண்டாம்.

வினோஜன் இலையை முழங்காலில் வைத்து எழுதினான். ஒரு வருஷமாக அவன் யோசிக்காத சொற்கள். யோசிக்காததால் ஒன்றும் அழியவில்லை. அப்படியே இருந்தன. எழுதி முடித்து எழுந்து நின்று தமிழில் வாசித்தான்.

"'அந்த டர்பன்டைன் மரத்துல மூணு கூடு இருக்கு. போன மாசம் ரெண்டு பேர லொறியில ஏத்துனோம். காடு இருக்கட்டுங்க, காட்ட யாரும் வேணாங்கல. மொதல்ல அந்தக் கூட்ட எடுங்க. இல்லாட்டி ஒம்பதாம் நம்பர்ல கொழுந்தெடுக்கச் சொல்லாதீங்க. ரெண்டுல ஒன்னு செய்ங்க. ரெண்டும் செய்யாம எங்ககிட்ட கருத்துக் கேக்காதீங்க.'"

"அதான்," என்றாள் காளியாயி. "அதான் அவ சொன்னது."

சிங்களத்தில் ஒரு முறை சொன்னான். ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னான். மூன்று மொழியிலும் அது ஒரே நீளத்தில் வந்தது.

நெட்டைத் துரை ஹேஷானி மேடத்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். மேடம் பேனாவை எடுத்துப் பதினேழாம் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கிழித்தார். இன்று சரிபார்ப்பு முடியவில்லை, அந்தப் பக்கம் புதிதாக எழுதப்படும்வரை ஐம்பது மீற்றர் வரி நிற்காது என்று அறிவித்தார். கஜேந்திரன் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். முகத்தில் சிறுத்தை இல்லை.

"தொரை சொல்லிட்டாரு. இன்னைக்கு மத்தியானம் நாலாம் நம்பருக்குப் போங்க."

"நாளைக்கு?" என்று கேட்டார் மாயாண்டி கங்காணி. கண்டாக்கையாவிடம் அவர் இப்படித் திருப்பிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"கூட்ட எடுக்க ஆள் அனுப்புறாங்களாம்."

"கண்டாக்கையா," என்றாள் காளியாயி, "அத எழுதித் தாங்க. எலை வேணும்னா எங்கிட்ட ஐம்பத்தேழு இருக்கு."

கஜேந்திரன் நெட்டைத் துரையைப் பார்த்தார். பிறகு ஓர் இலையை வாங்கி, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காளியாயி அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் கூடையை எடுத்தார்கள். மிஞ்சிய மாலுபாணைத் தாளில் சுற்றினார்கள். வினோஜன் நாற்காலிமேல் ஏறிப் பேனரின் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்தான். மறுபக்கமும் அவிழ்த்தான். படம் உள்ளே போகும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

கதவருகே குனிந்து நின்ற நெட்டைத் துரை கேட்டார். உங்கள் மனைவி அன்று சொன்னது அவ்வளவும் வந்துவிட்டதா? விட்டுப்போனது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு என்றான் வினோஜன். அது குறிப்புக்கு வேண்டாம், கூட்டத்துக்குச் சொன்னதில்லை. பேசி முடித்துவிட்டு, உட்காருவதற்கு முன்னால், தன்னைப் பார்த்துச் சொன்னது. ஆங்கிலத்தில் அது எப்படி வரும் என்று அவன் யோசித்தான். வரவில்லை. தமிழிலேயே சொன்னான்.

"என்னங்க, நான் சொன்னத அப்பிடியே சொல்லுங்க. சீனி போட்டுறாதீங்க."